ஏழேரி நாட்டுக்கு வந்தவள்

போன ஞாயிற்றுக்கிழமை மாடி வீட்டுப் பெண் எங்கள் வீட்டில் தோசை சாப்பிட்டுவிட்டு, கையில் கொண்டுவந்த புத்தகத்தை மேஜைமேலேயே மறந்துவிட்டுப் போய்விட்டாள். புத்தகமா அது, செங்கல். இரண்டு கையாலும்தான் தூக்க முடிந்தது. அட்டையில் மலைமேல் ஒரு கோட்டை, கோட்டைக்கு மேலே இறக்கை விரித்த ஏதோ ஒரு மிருகம், கீழே முதுகைக் காட்டி நிற்கிற ஒரு பெண். போன் போட்டு, "என்ன கதைம்மா இது, இந்தக் கனம் கனக்குது?" என்று கேட்டேன்.

"அது ஒண்ணுமில்ல ஆன்ட்டி. ஒரு மேஜிக் கிங்டம். அங்க எல்லாமே ப்ராப்ளம். வெளியிலேர்ந்து ஒரு பொண்ணு புதுசா உள்ள வர்றா. அப்புறம் என்ன ஆகுதுங்கறதுதான் ஸ்டோரி. நீங்க வெச்சிருங்க, எனக்கு எக்ஸாம் இருக்கு."

ஒன்றுமில்லையாம். போனை வைத்துவிட்டுப் புத்தகத்தை நடுவில் பிரித்து மூக்குக்குக் கொண்டுபோனேன். எனக்கு அது ஒரு கெட்ட பழக்கம், எதைக் கொடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பது. இந்தப் புத்தகத்துக்கு நல்ல காகித வாசனை, பிஸ்கட் மாதிரி. எனக்குத் தெரிந்த கதை வாசனை வேறு. வாரப் பத்திரிகையின் மலிவுத் தாளும் மையும் சேர்ந்து மண்ணெண்ணெய் பக்கத்தில் வருமே ஒரு வாசனை, அது. அதோடு ஈர வாழைநாரின் பச்சை வாசனை. அப்புறம் என் புடவையிலிருந்தே கிளம்பும் தேயிலைத் தூள் வாசனை. இந்த மூன்றும் சேர்ந்தால் எழுபதுகளின் தொடக்கத்தில் தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டி. வேறெதுவும் தேவையில்லை.

தேயிலை வாசனைக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். பாரிமுனைப் பக்கம் ஒரு தேயிலைக் கிடங்கில் பொட்டலம் ஒட்டும் வேலை எனக்கு. கோலார் தங்கவயலில் அப்பா இறந்ததும், தாம்பரம் ரயில்வே குடியிருப்பில் இருந்த அக்கா வீட்டுக்கு ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவள் நான். படிப்பு எட்டாம் வகுப்பு, அதுவும் கன்னடத்தில். தமிழ் வாயில் இருந்தது, கையில் இல்லை. தமிழ் எழுத்தை நானாகத்தான் பிடித்தேன், ஸ்டேஷன் பலகைகளில். ரயில் நின்றால் படிப்பு, கிளம்பினால் விடுமுறை. சைதாப்பேட்டையில் வண்டி தாமதமானால் எனக்கு மட்டும் சந்தோஷம்.

தாம்பரத்திலிருந்து வண்டி காலியாகக் கிளம்பும். அதனால் எங்களுக்கு ஒரு திமிர் உண்டு. குரோம்பேட்டை, பல்லாவரத்தில் ஏறுகிறவர்களை ஏதோ நம் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி பார்ப்போம். இடம் பிடிக்கக் கைக்குட்டை போடுவது வழக்கம். கைக்குட்டை கிடக்கிற இடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், மந்திரியே வந்தாலும். முதல் வாரம் எனக்கு இது தெரியாது. யாருடைய கைக்குட்டையையோ எடுத்து, "யாரோ தவற விட்டுட்டாங்க" என்று நல்லவள் மாதிரி உயர்த்திப் பிடித்துக் காட்டினேன். பெட்டியே சிரித்தது.

அப்போது ஒருத்தி மட்டும் சிரிக்காமல் நகர்ந்து இடம் விட்டாள். "இங்க வா. நாளையிலேர்ந்து உனக்கும் சேத்து நானே போடறேன்" என்றாள். அவள்தான் ஸ்டெல்லா. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் டைப்பிஸ்ட். தாம்பரம் மாதாகோயிலுக்குப் பின்னால் வீடு. ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே, கண்ணை எடுக்காமல் பேசுவாள். அவள் எழுதிய வாசகர் கடிதங்கள் பத்திரிகையில் வந்திருந்தன என்பதால் பெட்டிக்குள் அவளுக்குத் தனி மரியாதை. கிறிஸ்துமஸ் வந்தால் கல்கல் என்று ஒரு இனிப்புப் பலகாரம் டப்பா நிறையக் கொண்டுவருவாள். அதில் என் பங்கைத் தனியாக ஒரு காகிதத்தில் மடித்து, யாருக்கும் தெரியாமல் என் பையில் போடுவாள். இதையெல்லாம் நான் மறைத்துவிட்டு மேலே சொன்னால் கதை எனக்குச் சாதகமாக இருக்கும். ஆனால் அவள் நல்லவளாக இருந்ததுதான் சங்கடமே.

எதிர் சீட்டில் தனம் அக்கா. பீர்க்கன்கரணை. சாயங்கால வியாபாரத்துக்குப் பூ எடுக்கக் காலையில் காலிக் கூடையோடு பூக்கடைக்குப் போவாள். போகிற வழியெல்லாம் ஈர வாழைநாரை நகத்தால் கிழித்துக்கொண்டே இருப்பாள். அவள் பக்கத்து இடம் பல்லாவரம் வரைக்கும் கைக்குட்டையோடு காத்திருக்கும். அங்கே ஏறுவது நூர்ஜஹான் அக்கா. கீழ்க்கட்டளையிலிருந்து பஸ் பிடித்து வருவார். மண்ணடியில் ஒரு துணிக்கடையில் தையல் மேஸ்திரி. அளவு நாடா எப்போதும் கழுத்தில் தொங்கும், கழற்ற மறந்து வந்த மாலை மாதிரி.

எங்கள் பெட்டியில் ஒரு முறை இருந்தது. வாரப் பத்திரிகையை ஆளுக்கு ஒரு வாரம் வாங்க வேண்டும். வாங்கியதும் நடுவில் இருக்கும் பின்னைக் கழற்றி, தாள் தாளாகப் பிரித்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு தாள். கிண்டி வருவதற்குள் கை மாற்றிவிட வேண்டும். ஒருத்திக்குக் கதையின் கடைசிப் பக்கம் முதலில் கிடைக்கும், இன்னொருத்திக்கு நடுப்பக்கம். "யாரும் வாயத் திறக்கக் கூடாது, நான் இன்னும் முதல் பக்கம் படிக்கலை!" என்று சத்தம். கடைசியில் எல்லாத் தாளையும் வாங்கி, பின்னை மறுபடி மாட்டி, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் ஒருத்தி வீட்டுக்குக் கொண்டுபோவாள், பைண்டு செய்ய.

ஒரு வாரம் மழையில் பத்திரிகை வரவில்லை. தனம் அக்கா எழுத்துத் தெரியாதவள். நூர்ஜஹான் அக்கா படித்துக் காட்டுவதைக் கேட்டே பழகியவள். அவளுக்குத்தான் அன்று அதிகக் கஷ்டம்.

"இன்னாம்மே இது, கதையும் இல்ல கத்திரிக்காயும் இல்ல. மூஞ்சிய மூஞ்சிய பாத்துகினு குந்தியிருக்கணுமா பீச்சு வரைக்கும்?"

எனக்கு என்ன தோன்றியதோ, "நான் ஒண்ணு சொல்லட்டுமா அக்கா?" என்று வாயைத் திறந்துவிட்டேன். அதற்கு முன்னால் அந்தப் பெட்டியில் நான் பத்து வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. என் தமிழில் கன்னடம் தட்டும் என்று வெட்கம்.

ஏழேரி என்று ஒரு நாடு. ஏழு ஏரிகள். அந்த ஏரிகளுக்கு ஒரு குணம், ராத்திரி எழுந்து நடக்கும். ஒன்றையொன்று பார்த்துவிட்டு விடிவதற்குள் எங்காவது உட்கார்ந்துகொள்ளும். காலையில் கதவைத் திறந்தால்தான் இன்றைக்கு வாசலில் எந்த ஏரி என்று தெரியும். ஜனங்களும் அதற்குத் தகுந்தாற்போல் இருந்தார்கள். ராஜாவுக்கு மட்டும் பயம். தூங்கி எழுந்தால் தண்ணீர் போய்விடுமோ என்று. ஒரு மந்திரவாதியை வைத்து, ஏழு ஏரிகளையும் இரும்புச் சங்கிலியால் அரண்மனைத் தூண்களில் கட்டிவிட்டான். அன்றிலிருந்து பறவைகள் வருவதில்லை, கிணறுகள் உப்புக் கரிக்கின்றன, மழைக்கு அந்த நாட்டின் அடையாளம் தெரியவில்லை. மேலே வந்து ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, வேறெங்கோ போய்விடுகிறது.

இந்த நேரத்தில் எல்லை வாசலில் ஒரு தகரப் பெட்டியோடு செவந்தி வந்து நிற்கிறாள். காவலன் பெட்டியைத் தட்டிப் பார்க்கிறான். பிறகு ஒரு பித்தளைச் சட்டியில் ஏரித் தண்ணீர் கொண்டுவந்து, குனிந்து பார் என்கிறான். அந்த நாட்டில் பிறந்தவர்களுக்கு அதில் முகம் தெரியும். செவந்தி குனிந்தால் வானம் மட்டும் தெரிகிறது. காவலன் கேட்கிறான், "உன் முகம் எங்கே?"

வண்டி கடற்கரையில் நின்றிருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"அப்பால?" என்றாள் தனம் அக்கா.

"நாளைக்கு."

"நாளைக்கா! நல்லா வந்துட்டாடா கோலார்க்காரி! அந்தப் பொண்ண வாசல்ல நிக்க வெச்சுட்டு நான் எப்டி போய் பூ எடுக்கறது?"

மறுவாரம் பத்திரிகை வந்தது. பின்னைக் கழற்றினார்கள், படித்தார்கள், ஆனால் பரங்கிமலை தாண்டியதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் சொன்னேன். கிடங்கில் பசை தடவும்போது மனசு சும்மாதானே இருக்கும், அங்கே யோசித்துவைப்பேன். முடிவு மட்டும் எனக்கு முதல் நாளே தெரியும். அதை நோக்கித்தான் எல்லாவற்றையும் நடத்திக்கொண்டு போனேன்.

தண்ணீரில் முகம் தெரியாதவளுக்கு ஏழேரியில் யாரும் வீடு தர மாட்டார்கள், கிணற்றில் இறைக்க விட மாட்டார்கள். செவந்தி ஒவ்வோர் ஏரியாகத் தேடிப் போய்ச் சங்கிலியை அவிழ்க்கிறாள். அவிழ்ந்த ஏரி அவளுக்கு நன்றி சொல்கிறது. ஆனாலும் முகத்தைக் காட்டவில்லை. அடுத்த ஏரி காட்டும் என்று நம்பிப் போகிறாள். பெட்டியில் இருந்தவர்களுக்கு இதுதான் தாங்கவில்லை. "முகம் தெரிஞ்சுதா?" என்பதுதான் தினமும் முதல் கேள்வி.

ஏரிகளை அவர்களே கொடுத்தார்கள். "எங்க பீர்க்கங்கரணை ஏரிய சேத்துக்கம்மே. மீனு கீது, நீர்க்கோழி கீது, பாம்பு கூட கீது. உன் ராசா ஏரில இன்னா கீது?" என்று தனம் அக்கா சண்டைக்கு வந்தாள். முதல் ஏரி அவளுடையது, கோரைப்புல்லுக்குள் பேசும் நீர்க்கோழிகளோடு. "எங்க கீழ்க்கட்டளை ஏரியில ஒரு ஜின் வையேம்மா, நல்ல ஜின்னா" என்றார் நூர்ஜஹான் அக்கா. அவருக்காக, கிழிந்த தண்ணீரை ஊசியால் தைக்கிற ஒரு ஜின் வந்தது. அதன் கழுத்திலும் ஒரு அளவு நாடா. அன்று அவர் சிரித்த சிரிப்பில் மூக்குத்தி ஆடியது. ஸ்டெல்லாவின் ஏரிக்கடியில் மூழ்கிப்போன ஒரு மணி, தானாக அடிக்கும். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் எனக்குக் கெட்ட பெயர். "மூணு ஏரி சுத்திட்டா, இன்னும் ஒரு வாய் சோறு தின்னல. காத்தக் குடிச்சுகினு கீதா அந்தப் பொண்ணு?" என்பாள் தனம் அக்கா. மறுநாள் செவந்திக்கு மீன்குழம்பு போட்டேன்.

ஸ்டெல்லா அதிகம் பேச மாட்டாள். ஊசிகள் ஓடிக்கொண்டிருக்கும். இறங்கி நடக்கும்போது மட்டும், "அந்தக் காவலன் என்ன சொன்னான்? இன்னொரு தடவை சொல்லு" என்பாள். சொல்வேன். என்னிடம் யாரும் எதையும் இரண்டாம் தடவை கேட்டதில்லை. அந்தப் பெருமையில் எனக்குக் கால் தரையில் படாது.

ஐந்தாவது ஏரி அவிழ்ந்த சமயம். அந்த வாரம் பத்திரிகை வாங்கும் முறை நூர்ஜஹான் அக்காவுடையது. பின்னைக் கழற்றித் தாள்களைக் கொடுத்தார். எனக்கு நகைச்சுவைப் பக்கம் வந்தது. எழுத்துக் கூட்டி முதல் ஜோக்கை முடிப்பதற்குள் அவர், "அல்லா!" என்றார். எல்லோரும் திரும்பினோம். அவர் சத்தமாகப் படித்தார்.

"புதிய தொடர். ஏழேரி. எழுதுபவர், ஸ்டெல்லா." நிறுத்தி, ஸ்டெல்லாவைப் பார்த்துவிட்டு மேலே படித்தார். "எல்லைக் காவலன் தகரப் பெட்டியைத் தட்டினான். உன் முகம் எங்கே என்று கேட்டான்."

படம் கூடப் போட்டிருந்தார்கள். செவந்திக்கு நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம். தகரப் பெட்டி இல்லை.

ஸ்டெல்லாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லலை" என்றாள். பெட்டி முழுவதும் ஒரே ஆரவாரம். "நம்ம ஸ்டெல்லாவா!" "பொஸ்தகத்துல பேரு வந்துட்ச்சா!" யாரோ மிக்ஸர் பொட்டலத்தைப் பிரித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை எரிகிறது.

கடற்கரையில் இறங்கியதும் அவள் கையைப் பிடித்தேன். "என் பேரு வரலையே, ஸ்டெல்லா?"

"நானும் சொல்லிப் பாத்தேண்டி. ஒரு பேருதான் போடுவாங்களாம். இது நம்ம எல்லாருடைய கதைதானே? தனம் அக்கா ஏரி, நூர்ஜஹான் அக்கா ஜின்..."

"செவந்தி என்னோடது."

"நீ சொன்னே. நான்தானே உக்காந்து எழுதினேன்? எத்தனை ராத்திரி தெரியுமா? எழுதினவங்க பேருதான் வரும். உனக்கு எழுதணும்னா எழுதியிருக்கலாமே."

கோபத்தில் சொன்ன மாதிரி கூட இல்லை. ஆபீஸில் ஒரு விதியை எடுத்துச் சொல்வது மாதிரி சொன்னாள். நான் பலகை பலகையாக எழுத்துக் கற்றுக்கொண்டதைப் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தவள் அவள். எங்கே அடித்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

நான் சண்டை போடவில்லை. அந்தக் காலத்து என் யோசனையைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். அச்சில் என்ன வந்தாலும் வரட்டும், பெட்டியில் இருக்கிறவர்களுக்குத் தெரியாதா இது யார் கதை என்று? என் வாயிலிருந்து கேட்டவர்கள் அல்லவா? அவர்களை நம்பி, மறுநாளும் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

கொஞ்ச வாரம் சரியாக இருந்தது. பிறகு அச்சுக் கதையில் செவந்தியின் இடது தோளில் ஒரு மச்சம் முளைத்தது. தாமரை மச்சம். நான் ஆறாவது ஏரியைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது நூர்ஜஹான் அக்கா குறுக்கிட்டார்.

"அந்த மச்சத்தை யாரும் பாக்கலையாம்மா?"

"மச்சமா? அவளுக்கு மச்சமே கிடையாதே அக்கா."

"இருக்கேம்மா. இதோ போட்டிருக்கே."

"அது நான் சொல்லலையே."

"நீ மறந்திருப்பே" என்றார், மிகவும் அன்பாக.

தனம் அக்காவாவது என் பக்கம் பேசுவாள் என்று பார்த்தேன். எழுத்தே தெரியாதவள், காதால் மட்டும் கேட்டவள். அவள் நாரைக் கிழித்துக்கொண்டே, "ஆமாம்மே, நீ இன்னா வாரத்துக்கு ஒண்ணா மாத்திகினே கீற? பொஸ்தகத்துல தெளிவா போட்டுகிறான், நீ கொயப்பற. எங்க ஏரி பேரக்கூட அதுல போட்டுக்கீது, தெரியுமா? எங்க தெருவுல அல்லாரும் கேட்டுட்டாங்க" என்றாள்.

நான் அவள் ஏரியைச் சொன்னபோது அது பெட்டிக்குள் இருந்தது. அச்சில் வந்தபோது அவள் தெருவுக்கே போய்விட்டது. அவளைக் குறை சொல்ல முடியுமா என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். சில நாள் முடியாது என்று தோன்றும், சில நாள் முடியும்.

அதற்கும் மேலே ஒன்று இருந்தது. குரோம்பேட்டையில் ஒரு காலேஜ் பெண் புதிதாக ஏற ஆரம்பித்திருந்தாள். நான் சொல்வதை இரண்டு நாள் கேட்டாள். மூன்றாம் நாள், ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், பளிச்சென்று கேட்டுவிட்டாள். "அக்கா, இது ஸ்டெல்லா மேடம் எழுதற கதைதானே? நீங்க ஏன் காப்பி அடிச்சுச் சொல்றீங்க?"

சிரிப்பு வந்தது எனக்கு, முதலில். இப்போது நாலு பேர் ஒரே நேரத்தில் அவளைப் பிடித்துக்கொள்வார்கள், பாவம் அந்தப் பெண் என்று நினைத்தேன். நூர்ஜஹான் அக்காவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், தினமும் பார்க்கிற விமானத்தை. தனம் அக்காவின் நகம் நாரில் நின்றது. ஏதோ சொல்லப் போகிறாள் என்று இருந்தது. மறுபடி நகம் ஓடியது.

ஸ்டெல்லாதான் பேசினாள். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "பரவாயில்லம்மா, சொல்லட்டும். அவளுக்கு அந்தக் கதைமேல ரொம்ப ஆசை" என்றாள்.

அவ்வளவுதான். அந்த வாக்கியத்துக்குப் பிறகு நான் பேச என்ன இருக்கிறது, சொல்லுங்கள். நான் பொய் சொல்கிறேன் என்று அவள் சொல்லியிருந்தால் எழுந்து நின்று கத்தியிருப்பேன். எனக்காகப் பரிந்து பேசிவிட்டாள்.

மறுநாளிலிருந்து முந்தின வண்டி. அங்கே எனக்குக் கைக்குட்டை போட யாரும் இல்லை, நானும் யாருக்கும் போடவில்லை. வீட்டில் என் அக்கா மட்டும், "என்னடி, இப்பல்லாம் விடியறதுக்குள்ள ஓடறே, கிடங்குல புதையலா கெடக்கு?" என்று கேட்பாள். ஆமாம் என்பேன்.

ஒரு சாயங்காலம் தாம்பரம் பிளாட்பாரத்தில் ஸ்டெல்லா எனக்காகக் காத்திருந்தாள். கையில் கல்கல் டப்பா. கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் இருந்தது.

"ஏண்டி இப்படிப் பண்றே? எங்களை விட்டுட்டுப் போயிட்டியே" என்றாள். கொஞ்ச நேரம் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பிறகு, "ஏழாவது ஏரிக்கு அவ வந்துட்டா. அடுத்த வாரம் முடிச்சுக் குடுக்கணும்னு கேக்கறாங்க. என்ன ஆகுது? முகம் தெரியுதா, இல்லையா? எனக்கு மட்டும் சொல்லிடு" என்றாள்.

"உன் கதைதானே. நீயே முடி."

"என்னால முடியலைடி. பத்து தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அதுவும் நடிப்பில்லை. அந்த நிமிஷத்தில் அவளுக்கு உண்மையாகவே தேவைப்பட்டது. உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு அது பிடித்திருந்தது. உலகத்தில் என்னிடம் மட்டும் இருக்கிற ஒரு பொருள். டப்பாவை அவள் கையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அச்சுக் கதை முடிந்தது. ஊரே அதைப் பேசியதால் நானும் கடையில் நின்று அந்தப் பக்கத்தைப் படித்தேன். அதற்குள் எனக்கு எழுத்து நன்றாக ஓடியது. செவந்தி வெளியூர்க்காரியே இல்லையாம். ஏழேரி ராஜாவின் தொலைந்துபோன மகளாம். தாமரை மச்சத்தைப் பார்த்து ஏழாவது ஏரி அவளை அடையாளம் கண்டுகொள்கிறது. தண்ணீரில் முகம் பளிச்சென்று தெரிகிறது. சிம்மாசனம், முரசு, சுபம்.

கடைக்காரர், "வாங்கறியாம்மா, இல்ல படிச்சுட்டே கிளம்பறியா?" என்றார். கிளம்பினேன்.

அவள் பெயரைப் போட்டுக்கொண்டதைக் கூட என்றைக்காவது மறந்திருப்பேன். தகரப் பெட்டியோடு வந்தவளை ராஜா மகளாக்கிவிட்டாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த ஊரில் பிறக்காத ஒருத்திக்குத் தண்ணீரில் முகமே கிடையாது என்று எழுதிவிட்டாள். அதைப் படித்து எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பக்கத்துக் குடியிருப்பில் ஒருத்தி அதை அழகாக பைண்டு பண்ணி வைத்திருந்தாள். "நல்ல முடிவுல்ல? கடைசில அவ நம்ம ஊர்ப் பொண்ணுதான்!" என்று என்னிடமே சொன்னாள்.

இருபது வருஷமோ என்னமோ கழித்து நூர்ஜஹான் அக்கா மகள் கல்யாணம், பல்லாவரத்தில். வீடு தேடி வந்து பத்திரிகை வைத்தார், போகாமல் இருக்க முடியவில்லை. தனம் அக்கா அப்போதே இல்லை. பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் ஸ்டெல்லா. சர்க்கரை வியாதி, ஆனாலும் பிரெட் அல்வாவை இரண்டாம் தடவை வாங்கினாள். இரண்டு பேரும் பிரியாணியைப் பார்த்தே பேசிக்கொண்டோம்.

"அதுக்கப்புறம் என்னால ஒண்ணுமே எழுத முடியலைடி. எவ்வளவோ கேட்டாங்க" என்றாள்.

"ம்."

"நிஜ முடிவு என்னடி? இனிமே நான் எழுதப் போறதில்லை. சாகறதுக்குள்ள தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

"மறந்து போச்சு" என்றேன்.

சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நீயா? நீ மறக்க மாட்டே. பழி வாங்கறே."

உண்மைதான். அன்று எனக்கு ஒரு வரி விடாமல் தெரியும். ஏழாவது ஏரி பேசும் குரல் கூடத் தெரியும்.

ஸ்டெல்லாவும் போய்ப் பல வருஷமாகிறது. நூர்ஜஹான் அக்காவும் இல்லை. இப்போது நான் இருக்கிற ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து எப்போதாவது தாம்பரம் போய் வண்டி ஏறுகிறேன். பெண்கள் பெட்டியில் யாரும் பத்திரிகையின் பின்னைக் கழற்றுவதில்லை, கழற்றப் பத்திரிகையும் இல்லை. காதில் ஒன்றைச் செருகிக்கொண்டு அவரவர் தனித்தனியாகக் கேட்கிறார்கள். கைக்குட்டை போட்டால் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

மாடி வீட்டுப் பெண் நேற்று புத்தகத்தை எடுத்துக்கொள்ள வந்தாள். "எனக்கும் இப்படி ஒரு கதை தெரியும்மா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "சொல்லுங்க ஆன்ட்டி!" என்று உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ வருஷம் கழித்து எதிரில் ஒரு ஆள். சொன்னேன். ஏரிகள் நடந்தன. நீர்க்கோழி பேசியது, ஜின் தைத்தது, மணி அடித்தது. தனம் அக்கா கேட்ட மீன்குழம்பைக் கூட விடவில்லை. ஆறு சங்கிலிகள் வரிசையாக அவிழ்ந்தன. அந்தப் பெண் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"செவன்த் லேக்ல ஃபேஸ் தெரிஞ்சுதா ஆன்ட்டி?"

செவந்தி கரைக்கு வருகிறாள். பெட்டியைக் கீழே வைக்கிறாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். கோரைப்புல்லை ஒரு கையால் விலக்கிக்கொண்டு குனிகிறாள்.

அந்தப் பெண் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை.